பிரதிவாதி ஆஜர்

எர்காஷ் காரை நிறுத்தியபோது பொழுது நன்றாக ஏறியிருந்தது. ஆனால் உஸ்பெகிஸ்தானின் கோகந்த் நகரத்துப் பழைய பேட்டைக்குள் வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை. ஜனவரி பிறந்ததிலிருந்து ஊர்மேல் மூடுபனி படுத்தே கிடந்தது. சந்தின் இரண்டு பக்கமும் மண்சுவர்கள். சுவர்களுக்கு மேலே, முஷ்டி மடக்கிய கைகள் போல மொட்டையடித்த மல்பெரி மரங்கள். எங்கோ ஒரு நாய் ஒருமுறை குரைத்துவிட்டு, தப்பு செய்தாற்போல் நிறுத்திக்கொண்டது.

வக்கீல் குர்ஷிதா கைப்பையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். நாற்பதைத் தாண்டியவள். வீடு, நிலம், பாகப்பிரிவினை, சுவர்த்தகராறு தவிர வேறு வழக்கு எடுப்பதில்லை. "சொத்துல வில்லங்கமா? குர்ஷிதாகிட்ட போ" என்று ஊரில் சொல்வார்கள். கணவனைப் பிரிந்து தனியாக இருப்பவள். இருட்டுக்கோ தனிமைக்கோ அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை.

"உள்ள ஒண்ணும் இல்லக்கா," என்றான் எர்காஷ். "எலியும் ஒட்டடையும்தான். பாத்தோம், எழுதினோம்னு கிளம்பிடலாம்."

"முதல்ல பூட்டைத் திறங்க தம்பி."

எர்காஷ் பல வருஷம் மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். வீடு அவன் அப்பா வழியில் அவன் பெயருக்கு வந்தது. விற்பதற்கு ஆளும் கிடைத்துவிட்டான். இடையில் ஒரே ஒரு முள். அந்த முகவரியில் இன்னொரு பெயர் பதிவாகியிருந்தது. ஓய்னிசா. எர்காஷின் அத்தை. சின்ன வயதிலேயே விதவையாகித் தம்பி வீட்டுக்குத் திரும்பியவள். உயிர் உள்ளவரை அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவளை ஊரில் யாரும் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது.

"காணாமப் போயிட்டாங்கன்னு புகார் கொடுத்திருக்கலாமே?" என்று முதல் நாளே குர்ஷிதா கேட்டிருந்தாள்.

"போலீஸ் வரும்க்கா. தோண்டித் துருவுவான். இழுத்துக்கிட்டே போகும்," என்று அவன் சொன்னான். அது நியாயமாகத்தான் பட்டது. அதைவிடச் சுலபமான வழி அவளிடம் இருந்தது. ஒருவர் நீண்டநாள் ஒரு வீட்டில் வசிக்கவில்லை என்று காட்டிவிட்டால் போதும், குடியிருப்பு உரிமையைக் கோர்ட்டே ரத்து செய்துவிடும். வீடு காலி என்று ஒரு மகஜர் எழுதி, அக்கம்பக்கத்தில் இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் இன்றைய வேலை.

பூட்டு துருவேறிப்போய் அசைய மறுத்தது. எர்காஷ் காரிலிருந்து எண்ணெய் எடுத்துவந்து ஊற்றி, கல்லால் தட்டி, கடைசியில் திறந்தான். திறந்தவன் உள்ளே போகவில்லை. ஒதுங்கி நின்று புகையிலைத் தூளை நாக்குக்கு அடியில் திணித்துக்கொண்டான்.

சாட்சிக்கு வரச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக் கைரி அப்போதுதான் வந்தாள். பருத்த உடம்பு, தலையில் கம்பளித் துணி.

"என்ன எர்காஷ், மாஸ்கோவுக்குப் போனதும் அத்தை வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? உள்ள வாயேன்."

"நீங்க போங்க கைரிக்கா. எனக்குத் தூசி ஒத்துக்காது."

"கேட்டீங்களா வக்கீலம்மா? கட்டட வேலைக்காரனுக்குத் தூசி ஒத்துக்காதாம்!" கைரி சிரித்தாள். ஆனால் வாசலைத் தாண்டும்போது அவள் கை குர்ஷிதாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

முற்றத்தில் விழுந்த வெண்பனி யாரும் மிதிக்காமல் கிடந்தது. குருவிகளின் கால்தடம்கூட இல்லை. திராட்சைக் கொடி பந்தலோடு காய்ந்து, காற்றில்லாமலே லேசாக உரசிக்கொண்டிருந்தது. உள்ளே நடக்க நடக்க ஒரு வாடை வந்தது. குளிர்காலத்துக்கென்று கயிற்றில் தொங்கவிட்ட முலாம்பழம் அளவுக்கு மீறிப் பழுத்து உடைந்த வாடை. தித்திப்பான, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை.

"பழம் ஏதாவது வச்சிட்டுப் போயிட்டாங்களோ?" என்றாள் குர்ஷிதா.

"வச்சிருந்தாலும் இத்தனை வருஷம் நாறுமா?" என்றாள் கைரி மெதுவாக.

குர்ஷிதா ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், உடைந்த கண்ணாடி, மடித்து அடுக்கிய மெத்தைகளில் எலி போட்ட ஓட்டை. காலி வீடு. எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ளும் காலி வீடு. கடைசி அறை பெரியது. மூலையில் ஒரு கனத்த மரப்பெட்டி. நடுவில் சந்தாலி. தரையில் தோண்டிய குழியில் தணலைப் போட்டு, அதன்மேல் குட்டை மேஜையை வைத்து, மேஜைமேல் பெரிய மெத்தைப் போர்வையை நான்கு பக்கமும் தரையைத் தொட விரித்திருப்பார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டார் அதைச் சுற்றி உட்கார்ந்து கால்களைப் போர்வைக்குள் நீட்டிக்கொள்வார்கள். இந்தச் சந்தாலிமேல் போர்வை அப்படியே இருந்தது.

எழுத மேஜை வேண்டும். குர்ஷிதா உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள். பேனா மை குளிரில் உறைந்துபோயிருந்தது. ஊதிச் சூடாக்கினாள். பழக்கதோஷத்தில் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கால்களைப் போர்வைக்குள் நீட்டினாள். 'மேற்படி வீட்டில் யாரும் வசிக்கவில்லை' என்று எழுதத் தொடங்கினாள்.

பாதிக்குமேல் எழுதிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளே கதகதப்பாக இருந்தது.

பேனா நின்றது. யாரோ நாடோடி சுவரேறிக் குதித்துத் தங்குகிறான் என்று நினைத்தாள். ஆனால் முற்றத்துப் பனியில் தடமே இல்லையே என்று அடுத்த கணமே தோன்றியது. அப்போது அவள் பாதத்தில் ஏதோ பட்டது. பூனை என்று நினைத்தாள்.

பிறகு விரல்கள் தெரிந்தன.

சிறிய, காய்ந்த, பனிக்கட்டி போன்ற இரண்டு பாதங்கள். அவை மெல்ல ஊர்ந்து வந்து, குளிரில் நடுங்குகிறவர் பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டிக்கொள்வது போல, அவள் பாதங்களோடு சேர்ந்துகொண்டன.

"தள்ளி உக்காருங்க கைரி," என்றாள் குர்ஷிதா. தலை நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

"நான் வாசப்படியிலதான் நிக்கறேன் வக்கீலம்மா," என்றது கைரியின் குரல், அவளுக்கு முதுகுப்பக்கம் தூரத்திலிருந்து.

மெல்ல நிமிர்ந்தாள். எதிரில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்துப் போர்வை மட்டும், உள்ளே முழங்கால்கள் இருப்பதுபோல் உப்பியிருந்தது.

அந்தப் பாதங்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

குர்ஷிதா எப்படி எழுந்தாள், எப்படி முற்றத்துக்கு வந்தாள் என்பது பின்னால் அவளுக்கே நினைவில்லை. பனியில் நின்று மூச்சு வாங்கினாள். கைரி அவள் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?" என்று குர்ஷிதா கேட்டாள்.

"நான் பாக்கல. பாக்கவும் வேண்டாம்." கைரி குரலைத் தாழ்த்தினாள். "பனிக்காலம் வந்தா அந்த அறைப் பக்கம் புகை தெரியும் வக்கீலம்மா. இந்தச் சந்துல எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கறதில்ல. ஓய்னிசா அத்தை இருந்தவரைக்கும் யாருக்கும் ஒரு தொல்லை தந்ததில்ல. பாவம், குளிருதுபோல, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

"இதுல கையெழுத்துப் போடுவீங்களா?"

"யாரும் இல்லைன்னா? மாட்டேன்."

அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். எர்காஷ் காரில் உட்கார்ந்து சிரித்தான். "பூனையா இருக்கும்க்கா. நாடோடிப் பய எவனாவது தணல் போட்டிருப்பான். சாட்சிக்கு நான் ஆள் பிடிக்கறேன், விடுங்க." தேநீர்க்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த இரண்டு பேர், வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். குர்ஷிதாவும் போட்டாள். பூனைதான் என்று அன்றைய நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரவு படுக்கும்போது கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டும் பாதங்களில் சூடு ஏறவில்லை.

விசாரணை பிப்ரவரியில் வந்தது. அன்றும் மூடுபனிதான். கோர்ட் கட்டடத்தில் பகலிலேயே விளக்குகள் எரிந்தன. நீதிபதி கோல்மதோவுக்குச் சளி பிடித்திருந்தது. எலுமிச்சை போட்ட தேநீரை உறிஞ்சியபடி, சீக்கிரம் முடியுங்கள் என்பதுபோல் கையை ஆட்டினார். பிரதிவாதி வராத வழக்கு. அரைமணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடலாம்.

கிளார்க் மலோகத் நமங்கானிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். இந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. சட்டப்படி பிரதிவாதியின் பெயரைக் கூப்பிட வராந்தாவுக்குப் போனாள். அவள் குரல் நீண்ட வராந்தாவில் ஒலித்து அடங்கியது.

மலோகத் திரும்பி வந்தாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரோ உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு தன் இடத்துக்கு வந்து பதிவேட்டில் குறித்தாள்.

"பிரதிவாதி ஆஜர், ஐயா."

நீதிபதி தேநீரைக் கீழே வைத்தார். "எங்கம்மா?"

"இதோ, இங்கதான்..." மலோகத் பிரதிவாதியின் பெஞ்சைக் காட்டினாள். காட்டிய விரல் அப்படியே நின்றது. பெஞ்சு காலியாக இருந்தது.

"விளையாடறியா?"

"இல்லைங்கய்யா. வராந்தாவுல சுவரோரமா உக்காந்திருந்தாங்க. வயசானவங்க. கறுப்பு வெல்வெட் மேல்சட்டை. ரப்பர் காலணி. 'என் பேரையா கூப்பிட்ட மகளே'ன்னு கேட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சு..." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "கை ரொம்பக் குளிர்ந்திருந்துச்சு ஐயா. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கேட்டேன். 'வீட்டுல கீழ இருக்கு, மேல வர முடியல'ன்னு சொன்னாங்க."

எர்காஷின் நாற்காலி தரையில் உரசியது. குர்ஷிதா திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெல்வெட் சட்டையைச் சொன்னபோது அவன் அசையவில்லை. 'கீழ' என்ற சொல்லுக்குத்தான் அசைந்தான் என்பதைக் குர்ஷிதா கவனித்தாள்.

"வராந்தாவுல எந்தக் கிழவியோ ஏமாத்தியிருக்கா," என்று நீதிபதி எரிச்சலோடு மூக்கைத் துடைத்தார். "அந்தப் பதிவை அடிச்சிடு. வக்கீலம்மா, ஸ்தல ஆய்வுக்கு நீங்கதான் போனீங்க. வீடு காலிதானே?"

குர்ஷிதா எழுந்து நின்றாள். 'ஆமாம் ஐயா' என்ற ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள்.

அப்போது அந்த வாடை வந்தது. உடைந்த முலாம்பழத்தின் தித்திப்பு.

அவளுக்கு இடப்பக்கம் யாரோ வந்து நின்றார்கள். துணி உரசும் சத்தம் கேட்டது. காதுமடலில் மூச்சுப் பட்டது. அந்த மூச்சில் துளிச் சூடும் இல்லை.

"எனக்கு வக்கீல் இல்ல மகளே."

குர்ஷிதா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீ பேசு."

நீதிபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எர்காஷும் பார்த்துக்கொண்டிருந்தான். மேஜையில் ஊன்றியிருந்த அவள் கையின்மேல் இன்னொரு கையின் எடை இறங்கியது. எலும்பும் தோலுமான கை. அது அழுத்தவில்லை. வெறுமனே இருந்தது, அவ்வளவுதான். அழுத்தியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஐயா," என்றாள் குர்ஷிதா. குரல் அவளுடையதாக இல்லை. "நான் எழுதின மகஜர் பொய். அந்த வீட்டுல தணல் எரியுது. சாட்சிங்க ரெண்டு பேரும் உள்ள வரவே இல்ல."

"அக்கா! பைத்தியமா உங்களுக்கு?" எர்காஷ் பாய்ந்து எழுந்தான். "நீங்க என் வக்கீல்!"

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "உரிமம் போயிடும். சொந்தக் கட்சிக்காரனுக்கு எதிரா நின்னா சங்கமும் சும்மா விடாது."

"தெரியும் ஐயா. கோர்ட்டே நேர்ல வந்து பாக்கணும். இப்பவே வரணும்."

கையின்மேல் இருந்த எடை மெல்ல விலகியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டுக்கொண்டிருந்தது. மூடுபனியில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நீதிபதி, கோர்ட் அமீனா, மலோகத், குர்ஷிதா, எர்காஷ். சத்தம் கேட்டுக் கைரியும் வந்து சேர்ந்தாள். இந்தமுறை அமீனா எர்காஷின் தோளைப் பிடித்து உள்ளே நடத்தினான்.

பெரிய அறையில் சந்தாலிமேல் போர்வை அப்படியே இருந்தது. நீதிபதி குனிந்து கையை உள்ளே விட்டார். வேகமாக வெளியே எடுத்தார்.

"யாரு தணல் போட்டது?"

அமீனா போர்வையை விலக்கி மேஜையைத் தூக்கி வைத்தான். குழியில் தணல் கனன்றது. சிவப்பு வெளிச்சம் அவர்கள் முகங்களில் விழுந்தது. புகை இல்லை. சத்தம் இல்லை. மூச்சு விடுவதுபோல் அது மங்கியும் ஒளிர்ந்தும் கொண்டிருந்தது.

பிறகு சத்தம் வந்தது.

டொக்.

அவர்கள் காலுக்குக் கீழே இருந்து.

டொக்... டொக்.

பலமில்லாத தட்டல். நெடுநேரம் தட்டிக் களைத்துப்போனவர், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் தட்டுவதுபோல் இருந்தது. மலோகத் கைரியைக் கட்டிக்கொண்டாள்.

"கீழ என்ன இருக்கு?" என்று நீதிபதி கிசுகிசுத்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றான் எர்காஷ். "வெறும் மண்ணு."

"பொய்யி!" கைரியின் குரல் உடைந்தது. "நிலவறை இருக்குய்யா. அத்தை முலாம்பழம் தொங்கவிடற அறை. வழி அந்த மூலையில. அந்தப் பெட்டி முன்ன அங்க இருக்காது, ஜன்னலோரமா இருக்கும். எத்தனை தடவை நான் அதுமேல உக்காந்து தேநீர் குடிச்சிருக்கேன்!"

மரப்பெட்டியை நகர்த்த அமீனாவும் நீதிபதியும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. அதற்குள் செங்கல் அடுக்கியிருந்தது. பெட்டி நகர்ந்ததும் தரையோடு தரையாக ஒரு பலகைக் கதவு தெரிந்தது. அதன் இரும்புத் தாழ்ப்பாள் மேல்பக்கத்தில் போட்டிருந்தது.

தட்டல் நின்றுவிட்டது.

"அது தானா விழுந்த தாழ்ப்பாள்," என்றான் எர்காஷ்.

யாரும் அவனைக் கேட்கவில்லை.

அமீனா தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து பலகையைத் தூக்கினான். வாடை ஒரே அலையாக எழுந்து வந்து அறையை நிறைத்தது. அவன் கைவிளக்கைக் கீழே பிடித்தான். பிடித்தவன் "யா அல்லாஹ்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டான். ஆனால் குர்ஷிதா பார்த்துவிட்டாள்.

படியின் உச்சியில், கதவுக்கு எவ்வளவு நெருக்கமாக உட்கார முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு ஓய்னிசா உட்கார்ந்திருந்தாள். கறுப்பு வெல்வெட் மேல்சட்டை எலும்புகள்மேல் தொங்கியது. தலை கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. ஒரு கையின் விரல்கள் மடங்கி, இன்னும் தட்டுவதற்குத் தயாராக இருப்பதுபோல் மேலே தூக்கியபடி இருந்தன. காலணிகள் கழன்று கீழ்ப்படியில் கிடந்தன. அதற்கும் கீழே, இருட்டில், கயிற்றில் தொங்கிய முலாம்பழங்கள் சுருங்கிக் கறுத்துப்போயிருந்தன.

குர்ஷிதா பின்வாங்கியபோது அவள் கால் சந்தாலிக் குழியின் விளிம்பில் இடறியது. விழப்போனவள் கையை ஊன்றினாள். தணலில் கை போய்விட்டது என்று அலறினாள்.

கை சுடவில்லை. குழியில் இருந்தது பழைய சாம்பல். கல்லைப் போல் இறுகி, ஒட்டடை படர்ந்து, பல வருஷமாக நெருப்பையே காணாத சாம்பல்.

அடுத்த நாள் கைரியும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து எலும்புகளுக்கு முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தார்கள். குர்ஷிதாவும் போய் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், துணி கிழித்துக் கொடுத்தாள். பேட்டை ஆண்கள் திரண்டு வந்து பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றுதான் முதல்முறையாக மூடுபனி விலகி வெயில் அடித்தது. "ஆத்மா அமைதியாயிடுச்சு" என்றாள் கைரி. குர்ஷிதாவும் அப்படித்தான் நம்ப விரும்பினாள்.

எர்காஷ் போலீஸ் விசாரணையில் கலங்காமல் பதில் சொன்னான். அத்தை ரிஷ்தோன் ஊரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மாஸ்கோவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். கூரை ஒழுகியது, பெட்டியை மூலைக்கு நகர்த்தினான். செங்கலையும் மழையில் நனையாமல் அதில் போட்டான். கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை, போய்விட்டாள் என்று நினைத்து வீட்டைப் பூட்டினான். தாழ்ப்பாள் பழசு, கதவு விழுந்த வேகத்தில் தானாக மாட்டியிருக்கும். இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

நீதிபதி கோல்மதோவும் தன் முன்னால் இருந்த வழக்கை ஒரே வரியில் முடித்தார். பிரதிவாதி காலமாகிவிட்டதால் இனி வழக்கு நிற்காது. குடியிருப்பு உரிமை இறந்தவரோடு போய்விட்டது. வில்லங்கம் தீர்ந்தது. எர்காஷ் கேட்டதும் அதைத்தான்.

வராந்தாவில் அவன் குர்ஷிதாவை மறித்தான். "கோவத்துல பேசிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க. விற்பனைப் பத்திரத்தை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க."

"அந்தத் தாழ்ப்பாளை நான் போட்டுப் பாத்தேன் தம்பி," என்றாள் குர்ஷிதா. "எத்தனை தடவை கதவைப் போட்டாலும் அது தானா விழல. கையால தள்ளினாத்தான் போகுது."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டான். பத்திரத்தை வேறு வக்கீல் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். மார்ச் வெயில் ஏறுவதற்குள் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நிலவறையை மண் போட்டு மூடினார்கள். தாழ்ப்பாளும் கதவும் பழைய இரும்போடும் விறகோடும் எங்கோ போயின. எர்காஷ் மறுபடி மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டான்.

வக்கீல் சங்கம் குர்ஷிதாவை எச்சரிக்கையோடு விட்டது. தாழ்ப்பாளைப் பற்றி அவள் அரசு வழக்கறிஞருக்கு ஒரு மனு கொடுத்தாள். போதிய ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்பதும் தெரியும். ஆனால் கதவே இல்லாதபோது எதைக் காட்டி வாதாடுவது? செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று சொல்லி அதை அப்படியே விட்டாள். கட்சிக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். பொய் மகஜரை ஒப்புக்கொண்டவள் என்று சிலர் விலகினாலும், அதற்காகவே சிலர் தேடி வந்தார்கள்.

ஏப்ரல் மாதத்து ஒரு நல்ல காலைப்பொழுது. அவள் அலுவலக ஜன்னலில் வெயில் விழுந்து கிடந்தது. வெளியே பாதாம் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுவர்த்தகராறு ஒன்றுக்காக ஒரு விவசாயி உள்ளே வந்தான். உட்கார்ந்தவன் கதவைப் பாதி திறந்தே விட்டிருந்தான்.

"கதவைச் சாத்திட்டு வாங்க அண்ணே," என்றாள் குர்ஷிதா.

"அந்தம்மா வரலையா?"

"எந்தம்மா?"

"வெளிய பெஞ்சுல இருக்காங்களே. எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தாங்க. நீங்க முதல்ல போங்கன்னு சொன்னேன். 'நீ போப்பா, எனக்கு அவசரம் இல்ல. என் வழக்கு நீளும்'னாங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து என் தம்பி வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்களாம்."

குர்ஷிதா எழுந்திருக்கவில்லை. கதவின் பக்கம் பார்க்கவும் இல்லை. அவள் விரல்கள் பேனாவை இறுகப் பற்றிக்கொண்டன.

வராந்தாவில் மரப்பெஞ்சு மெல்லக் கிறீச்சிட்டது. அடுத்து வருகிறவருக்கு இடம் விட்டு யாரோ சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.